எண்ணிக்கையில் விளையும் காலணி

லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரத்தில், ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்து தேசத்தில் யாரோ ஒரு குழந்தையின் இடது காலில் கிடந்த கம்பளிக் காலுறை ஒன்று இருக்கிறது. ரோமானியர் ஆட்சியில் நைல் நதிக்கரையில் செழித்திருந்த அந்தினோபொலிஸ் என்ற நகரத்தின் குப்பைமேடுகளை 1913-14 இல் அகழ்ந்தவர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். பெருவிரலுக்குத் தனியே ஓர் அறையும், எஞ்சிய நான்கு விரல்களுக்கும் சேர்த்து மற்றோர் அறையுமாகப் பின்னப்பட்ட அந்தச் சிறு பொருளைப் பல அலைநீளங்களுடைய ஒளியில் படம் பிடித்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதில் பட்டை பட்டையாகத் தென்படும் ஆறேழு வர்ணங்களும் சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு வோட் என்னும் செடியின் இலை, மஞ்சளுக்கு வெல்ட் என்னும் செடி ஆகிய மூன்றே சாயங்களிலிருந்து பெறப்பட்டவை என்று 2018 இல் வெளியிட்டார்கள். சில மாதங்களுக்குள் காலுக்குச் சிறியதாகிவிடப் போகிற ஒரு வஸ்துவுக்கு மூன்று சாயத் தொட்டிகளில் நூலைத் தோய்த்தெடுத்தவர்களின் மனம் எத்தகையது என்பது எந்தக் கருவிக்கும் அகப்படுவதில்லை. ஆனால் அவர்களுடைய கை செய்த வேலையின் சூக்ஷ்மம் நமக்கு அகப்படுகிறது.

அந்தக் காலுறை குரோஷே வேலை அன்று. காதுள்ள ஒற்றை ஊசியில் சிறு நீளமாக அறுத்த நூலைக் கோத்து, ஒவ்வொரு வளையத்தினூடும் நூல் முழுவதையும் இழுத்து இழுத்துச் செய்த, பொறுமையைச் சோதிக்கும் பழைய முறை அது. நுனியில் கொக்கியுள்ள ஊசியால் பந்திலிருந்து வரும் நூலை அறுக்காமலே வளையம் வளையமாக இழுத்துப் பின்னும் குரோஷேயோ, ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வீடுகளுக்குள் பரவிய வித்தை. லண்டனில் வாழ்ந்த ரியேகோ தெ லா பிராங்ஷார்தியேர் என்ற பெண்மணி 1840களிலிருந்து வெளியிட்ட மாதிரிப் புத்தகங்கள் அதை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுசென்றன. அதே தசாப்தத்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் நிலைகுலைந்த அயர்லாந்தில், பட்டினியிலிருந்து தப்புவதற்கு ஏழைப் பெண்கள் பற்றிக்கொண்ட ஜீவனோபாயமாகவும் அது ஆயிற்று. ஒரே ஊசி ஒருபுறம் பொழுதுபோக்கையும் மறுபுறம் வயிற்றுப்பாட்டையும் சுமந்ததென்ற இந்தச் சரித்திரத்துக்கு வேறொரு சந்தர்ப்பத்தில் திரும்ப வேண்டியிருக்கும். இப்போது நம் கவனம் செல்ல வேண்டியது, கத்தரியும் அச்சும் இல்லாமல், வெட்டு இல்லாமல், ஒட்டு இல்லாமல், ஒரே நூல் எப்படிக் குதிகாலும் விரல்நுனியும் உடைய ஒரு காலணியாக உருவெடுக்கிறது என்ற விஷயத்துக்கு.

குரோஷேயில் எந்த வினாடியிலும் உயிரோடிருப்பது ஒரே ஒரு வளையந்தான். ஊசியில் இருக்கும் அந்த வளையத்தோடு, முன்னமே முடிந்த துணியில் ஏதேனும் ஓர் இடத்தில் கொக்கியை நுழைத்து நூலைப் பற்றி இழுத்தால் இரண்டாவது வளையம் கிடைக்கிறது; மறுபடியும் நூலைப் பற்றி இரண்டினூடும் இழுத்துவிட்டால் ஒரு கண்ணி பூர்த்தியாகி மீண்டும் ஒரு வளையமே மிஞ்சுகிறது. இரட்டை ஊசிகளால் செய்யும் நிட்டிங் வேலையில் ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் திறந்தபடியே ஊசியில் வரிசையாகக் காத்து நிற்பதால், ஒன்று நழுவினால் ஏணிப்படிபோல் கீழ்வரை அவிழ்ந்துகொண்டே போகும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் பிறந்த கணத்திலேயே அடைபட்டுவிடுகிறது. ஆயினும் இத்தனை பின்னலுக்குள்ளும் மெய்யான முடிச்சென்று ஒன்றுகூட இல்லை. கடைசி வளையத்தினூடு நூல்முனையை இழுத்து இறுக்காமல் விட்டால், முனையைப் பிடித்து இழுத்தமாத்திரத்தில் காலணி முழுவதும் நொடிப்பொழுதில் வெறும் நூலாகிவிடும். நூலுக்கும் நூலுக்கும் இடையே உள்ள உராய்வும், வளையங்களின் வளைந்து நிற்கும் வடிவமுமே அதைக் காலணியாக நிறுத்திவைத்திருக்கின்றன. நூல் தானாக நீளாதபோதும் துணி நீளுவதற்குக் காரணமும் இதுவே: இழுக்கும்போது வளையங்கள் ஒரு திசையில் ஒடுங்கி மறுதிசையில் நெடுகிப் போகின்றன, விட்டால் மீளுகின்றன.

இனி வடிவத்துக்கு வருவோம். பச்சைக் குழந்தையின் பாதம் ஏறக்குறைய ஏழரை முதல் எட்டு செ.மீ. நீளமிருக்கும், கால் அசைவதற்குச் சிறிது இடம் வைத்து எட்டரை செ.மீ. நீளமும் நான்கு செ.மீ. அகலமும் உள்ள அடிப்பாகம் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். மூன்று மி.மீ. ஊசியாலும் மிதமான பருமனுள்ள நூலாலும் போடும் சிங்கிள் குரோஷே கண்ணி ஒவ்வொன்றும் அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ அரை செ.மீ. வருமானால், முதலில் ஒன்பது கண்ணிச் சங்கிலி ஒன்றைப் போட்டு, அதன் ஒருபக்கமாகப் பின்னிக்கொண்டு போய், முனையில் திரும்பி, மறுபக்கமாக வந்து, இப்படி அந்தச் சங்கிலியைச் சுற்றிச் சுற்றி நான்கு சுற்றுகள் வந்தால் வேண்டிய அளவு கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட நீளமாதலால், அதில் சில கண்ணிகளை அதிகப்படுத்த வேண்டும். எத்தனை? கைதேர்ந்தவர்களைக் கேட்டால் யோசியாமல் சொல்லும் விடை ஆறு: ஒரு முனையில் மூன்று, மறுமுனையில் மூன்று.

ஏன் ஆறு என்பதில் ஓர் அழகிய கணித உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு தோட்டத்தைச் சுற்றி வேலியோரமாக நடப்பவன், அந்தத் தோட்டம் வட்டமானாலும் நீள்வட்டமானாலும் உள்வாங்காத வேறெந்த வடிவமானாலும், புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்வதற்குள் மொத்தத்தில் ஒரு முழுத் திருப்பந்தான் திரும்பியிருப்பான். அவனுக்கு ஒரு கஜம் தள்ளி வெளிப்பக்கமாகக் கூடவே நடப்பவன், நேரான பகுதிகளில் இவன் நடந்த தூரத்தையே நடக்கிறான். திரும்பும் இடங்களில் மாத்திரம் அதிகம் நடக்கிறான். திருப்பத்தின் மொத்தம் எப்போதும் ஒன்றேயாதலால், அந்த அதிகப்படியான தூரமும் எப்போதும் ஒன்றே: இருவருக்கும் இடையேயுள்ள தூரத்தைப்போல் 6.28 மடங்கு. தோட்டம் எத்தனை பெரியதென்பதோ எத்தனை நீளமென்பதோ கணக்கில் வருவதே இல்லை. ஸ்விட்சர்லாந்து தேசத்து ஜியோமிதி மேதை யாக்கோப் ஸ்டெய்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்த இணைப்பரப்புகளின் சாஸ்திரத்தில் மிக எளிய பகுதி இது. கண்ணியின் உயரமும் அகலமும் சமமாயிருக்கும் வரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் 6.28 கண்ணிகள் கூட வேண்டும். காற்பங்குக் கண்ணியைப் போட இயலாதாகையால் ஆறு போடுகிறோம். பிறந்த சிசுவின் காலணிக்கும், பத்து வயதுப் பிள்ளையின் காலணிக்கும், நடுக்கூடத்தில் விரிக்கும் நீள்வட்டக் கம்பளத்துக்கும் அதே ஆறுதான். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடுகிற உயரமான கண்ணியாயிருந்தால், உயரம் ஏறக்குறைய இரட்டிப்பாவதால் அந்த எண்ணும் பன்னிரண்டாகிறது.

நம்முடைய கணக்கில் முதற் சுற்றுக்கு 24, பிறகு 30, 36, நான்காம் சுற்று முடிகையில் 42 கண்ணிகள். அளவுகோல் வைத்துக் கறாராகப் பார்த்தால் அந்த விளிம்புக்கு 43 வேண்டும். நான்கு சுற்றுகளில் ஒரு கண்ணி குறைவு. இந்தக் குறையை நூலின் நெகிழ்ச்சி ஓசையின்றி ஏற்றுக்கொண்டு விடுகிறது. ஆனால் இதே விதியை நம்பி இருபது முப்பது சுற்றுகளில் பெரிய விரிப்பொன்றைப் பின்னுகிறவர், அதன் ஓரம் மெல்ல மேலெழும்பக் காண்பதுண்டு. கையை இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கும் தளர்த்திப் பின்னுகிறவர்களுக்கும் கண்ணியின் உயர அகலங்கள் மாறுவதால், ஒருவருடைய ஆறு மற்றொருவருக்கு ஏழாக வேண்டியிருப்பதும் உண்டு. மாதிரித்தாளில் அச்சிட்ட எண்ணை வேதவாக்காகக் கொள்ளாமல், மேசைமேல் வைத்துப் படிந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே உத்தமம்.

ஐந்தாம் சுற்றிலிருந்து ஒரு கண்ணியும் கூட்டாமல் 42-ஐயே தொடர்ந்தால், சமதளமாக விரிந்துவந்த துணிக்கு வேண்டிய நீளம் கிடைக்காமற் போகிறது. அது மேல்நோக்கித் திரும்பிச் சுவராக எழுகிறது. இதற்கு வேறு மாயமொன்றும் செய்யவில்லை, கூட்டுவதை நிறுத்தினோம், அவ்வளவே. மூன்று சுற்றுகள் சென்றபின், முன்பக்கத்தில் மாத்திரம் இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக் குறைத்தால், விரல்களுக்கு மேல் துணி குவிந்து கவிகிறது. மறுதலையாக, வேண்டியதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் விளிம்பு இடங்கொள்ளாமல் கொசுவிக்கொண்டு அலையலையாக நெளிகிறது. கோழிக்கொண்டைப் பூவின் ஓரம் அப்படி நெளிவதும் இதே காரணத்தால்தான். நடுப்பகுதியை முந்திக்கொண்டு விளிம்பு வளர்கிறது.

ஜெர்மானியக் கணிதமேதை கவுஸ் 1827 இல் வளைந்த பரப்புகளைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியின் கருவை இந்தக் காலணியில் பிரத்யக்ஷமாகப் பார்க்கலாம். ஒரு பரப்பின் வளைவை அறிவதற்கு அதற்கு வெளியே போய் நின்று பார்க்க வேண்டியதில்லை, அந்தப் பரப்பின் மேலேயே ஊர்ந்து தூரங்களை அளந்து கொண்டே அறிந்துவிடலாம் என்று அவர் நிரூபித்தார். ஒரு புள்ளியைச் சுற்றி வரைந்த வளையத்தின் நீளம், சமதளத்தில் இருக்க வேண்டியதற்குச் சரியாயிருந்தால் வளைவு பூஜ்யம். குறைந்தால் நேர்வளைவு, அதாவது கவிந்த மேடு. கூடினால் எதிர்வளைவு, அதாவது குதிரைச்சேணத்தின் வடிவம். அடிப்பாகம் பூஜ்யவளைவுக்கும், விரல்நுனியும் குதிகாலும் நேர்வளைவுக்கும், புறங்கால் கணைக்காலோடு சேருமிடம் எதிர்வளைவுக்கும் உதாரணங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளில் மூன்றும் அமைந்திருக்கின்றன. பின்னுகிறவள் அவற்றைக் கூட்டல், நிறுத்தல், குறைத்தல் என்ற மூன்று செயல்களாகவே அறிவாள். லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் கணிதம் போதித்த டாயினா தாய்மினா, எங்கும் எதிர்வளைவே உடைய ஹைபர்போலிய தளத்தை மாணவர்களுக்குக் கையில் எடுத்துக் காட்டத் தக்க உறுதியான மாதிரி கிடைக்காமல் காகிதத்துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1997 இல், குரோஷே ஊசியை எடுத்து ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய் அதைப் பின்னி முடித்தார். பாடப்புத்தகங்களில் சமன்பாடாக இருந்தது மேசையின்மேல் நெளிந்து கிடந்தது. இதில் வியப்படைந்தவர்கள் கணிதசாஸ்திரிகளே. கொசுவம் வைத்த மேசைவிரிப்புகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னிவந்த பெண்களுக்கு அந்த நெளிவு பழகிய சங்கதி.

நிட்டிங் வேலைக்கு வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589 இலேயே யந்திரம் கண்டுவிட்டார். குரோஷேக்கு அத்தகைய தொழிற்சாலை யந்திரம் இன்னும் வரவில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் சோதனையாகச் செய்து பார்த்தவை உண்டு. துணியின் எந்த மூலையிலும், எந்தக் கோணத்திலும் கொக்கி நுழைய வேண்டியிருப்பதும், அந்தத் துணியே கணத்துக்குக் கணம் துவண்டு இடம் மாறுவதும், விரலுக்குத் தெரியும் இறுக்கம் இரும்புக்குத் தெரியாதிருப்பதும் காரணங்கள். ஆகவே கடையில் மெய்யான குரோஷேப் பொருள் எதைக் கண்டாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவருடைய கை போட்டிருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆந்திரத்தில் கோதாவரி டெல்டாவிலுள்ள நரசாபுரத்துப் பிரதேசத்தில் கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய குரோஷே லேஸ் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஈடுபட்டு வருகிறார்கள். அவர்களுடைய உழைப்பைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியலறிஞர் 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். யந்திரத்தால் இயலாத வேலைக்கு அதிகக் கூலி கிடைக்கும் என்று நினைப்பது நியாயம். வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்கள் செய்வதை ஓய்வுநேரச் செயலென்று வியாபாரிகள் வர்ணித்துவிட்டால் அந்த நியாயம் செல்லுபடியாவதில்லை என்பதை அந்நூல் காட்டுகிறது.

நூலைப் பற்றி இவ்வளவு சொன்னபிறகு, அதை அணியப்போகும் காலைப் பற்றியும் பேச வேண்டும். சிசுவின் பாதத்தை வளர்ந்தவரின் பாதத்தைச் சிறிதாக்கிய உருவமென்று கருதுவது தவறு. அதில் பெரும்பகுதி எலும்பாக இன்னும் மாறாத குருத்தெலும்பு; பாதத்தின் உள்வளைவுக்கு ஆதாரமான படகெலும்பு ஏறக்குறைய மூன்று வயதளவில்தான் எலும்பாகத் தொடங்குகிறது. உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு நிறைந்திருப்பதால் வளைவே தெரியாமல் தட்டையாக இருக்கும், அது நோயன்று. இத்தகைய மிருதுவான அவயவத்தை இறுக்கமான உறைக்குள் திணிக்கலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். நடக்காத காலுக்குக் காலணி எதற்கென்ற கேள்விக்கோ விடை உஷ்ணத்தில் இருக்கிறது.

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் தோற்பரப்பு ஏறக்குறைய 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோ எடையுள்ள மனிதரின் தோற்பரப்பு ஏறக்குறைய 1.7 சதுர மீட்டர். கிலோ ஒன்றுக்குக் கணக்கிட்டால் சிசுவுக்கு இரண்டு மடங்குக்கு மேற்பட்ட தோல் இருக்கிறது. அந்த அளவுக்கு உஷ்ணமும் விரைந்து வெளியேறுகிறது. வளர்ந்தவர்களைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் சக்தி சிசுவுக்கு அநேகமாக இல்லை. தோள்பட்டைகளுக்கிடையிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் சேமித்து வைத்த பழுப்புக் கொழுப்பை எரித்தே உடல் உஷ்ணத்தைக் காத்துக்கொள்கிறது. குளிர் தாக்கியதும் முதற்காரியமாகக் கைகால்களுக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஆதலால்தான் பிரசவ விடுதித் தாதியர் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கிறார்கள்: இரண்டும் கதகதப்பாயிருந்தால் நலம், வயிறு கதகதத்துப் பாதம் சில்லிட்டிருந்தால் குளிருடன் உடல் போராடத் தொடங்கிவிட்டது, இரண்டும் சில்லிட்டிருந்தால் ஆபத்து. எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைக்கும் கங்காரு முறை, 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் தொடங்கியது. அதில் குழந்தைக்கு அணிவிக்கும் சொற்ப உடைகளில் தொப்பியோடு காலுறையும் உண்டு.

பின்னல் காலணி சூடு தருவதில்லை; சூட்டைப் போகவிடாமல் தடுக்கிறது, அதையும் நூல் செய்வதைவிட நூலுக்குள்ளும் கண்ணிகளுக்குள்ளும் அசையாமல் சிறைப்பட்ட காற்றே அதிகமாகச் செய்கிறது. காற்றின் உஷ்ணக்கடத்தல் நாரினுடையதைவிடப் பல மடங்கு குறைவு. நீரினுடையதோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் அதிகம். நனைந்த காலணி வெறுங்காலைவிட மோசமாவது இதனால்தான். கம்பளி தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 16 சதவீத ஈரத்தையும், பருத்தி 8 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட ஈரத்தையும் சாதாரணக் காற்றிலிருந்தே உறிஞ்சி வைத்திருக்கும். கடைகளில் உல்லன் நூலென்ற பெயரிலேயே விற்கும் அக்ரிலிக் நூலோ இரண்டு சதவீதத்தைத் தாண்டுவதில்லை, ஆகையால் வியர்வை தோலிலேயே தங்கிவிடுகிறது. உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் கம்பளி பொருந்தும். சென்னையிலும் மதுரையிலும் குளிர்சாதன அறைக்கு வெளியே கம்பளிக் காலணி மாட்டிவிடுவது பாசத்தின் மிகுதியே ஒழியத் தேவையன்று. மிகையான உஷ்ணமும் சிசுவுக்குத் தீங்கே. அங்கே மெல்லிய பருத்தி நூல் போதும், பெரும்பாலான நாட்களில் அதுவும் வேண்டியதில்லை.

கம்பளி குத்துகிறதென்று குழந்தை அழுதால் அதை ஒவ்வாமையென்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட வேண்டியதில்லை. துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நார்முனை ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தடிப்புடையதாயிருந்தால், தோலில் பட்டதும் வளைந்து கொடுக்காமல் அழுத்தி, வலியை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. மெல்லிய மெரினோ கம்பளியின் நார் 20 மைக்ரானுக்கும் குறைவாதலால் அது வளைந்துவிடும்.

இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காலணியின் உட்புறம். அறுந்து தொங்கும் ஓர் இழையோ, தாயின் உதிர்ந்த தலைமயிரோ குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகிக்கொண்டால், முதலில் ரத்தம் வடிவது தடைப்பட்டு விரல் வீங்குகிறது. வீங்க வீங்க இழை இன்னும் ஆழமாக இறுகி, வரும் ரத்தத்தையும் தடுத்து, கவனியாமல் விட்டால் விரலையே இழக்கும்படி செய்துவிடும். காரணம் தெரியாமல் வீறிட்டழும் சிசுவின் காலுறைகளைக் கழற்றி விரல்களைப் பார்க்கும்படி வைத்தியர்கள் சொல்வது இதை உத்தேசித்தே. ஆகையால் நூல்முனைகளை ஊசியில் கோத்துக் கண்ணிகளுக்குள் முன்னும் பின்னுமாகச் செலுத்திப் புதைப்பதும், இடைவெளி பெரிதாகத் தெரியும் அலங்காரப் பின்னலை விரல்பக்கம் தவிர்ப்பதும், அணிவிக்கும் ஒவ்வொரு முறையும் உட்புறத்தை வெளியே திருப்பிப் பார்ப்பதும், நல்ல நூல் வாங்குவதைவிட முந்திய கடமைகள். கணுக்காலில் கட்டும் கயிற்றுக்குள் சுண்டுவிரல் நுழையும்படி தளர்வு இருக்க வேண்டும். கழன்று விழுந்து வாய்க்குப் போகக்கூடிய பொத்தானும் மணியும் பார்ப்பவர் கண்ணுக்கு விருந்தே தவிர, அணிகிறவருக்கு அவற்றால் பிரயோஜனமில்லை.

குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியதும் இந்தக் காலணியின் உபயோகம் முடிகிறது. மொசைக் தரையிலும் சிமெண்டுத் தரையிலும் நூல் வழுக்கும். அடியில் தோல்துண்டு வைத்துத் தைத்துச் சிலர் அதன் ஆயுளை நீட்டிப்பதுண்டு. வீட்டுக்குள் நடை பழகும் பிள்ளைக்கு வெறுங்காலே சிறந்தது: தரையைப் பற்றிக்கொள்ள விரல்கள் விரிய வேண்டும், உள்ளங்கால் தரையின் மேடுபள்ளத்தைத் தானே உணர வேண்டும். கழற்றிய காலணியைத் துவைத்து வைக்கும்போது, அது கம்பளியானால் வெந்நீரில் போட்டுக் கசக்கலாகாது. நாரின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, துணி தடித்துச் சுருங்கி, அடுத்துப் பிறக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ முதல் நாளிலேயே போதாமல் போய்விடும்.